மூச்சை அளந்த வரலாறு: மூக்குச் சத்திரசிகிச்சையின் பயனும் ஊவாத் தோட்டங்களும்

அளத்தல் என்பது மனிதன் கற்ற தொன்மையான கலைகளுள் ஒன்று. நெல்லை மரக்காலால் அளந்தான். நிலத்தைக் கோலால் அளந்தான். பொழுதை நிழலால் அளந்தான். நமது ஊவா மாகாணத்து மலைச்சரிவுகளிலோ தேயிலைக் கொழுந்து நாள்தோறும் தராசில் ஏறுகின்றது. பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை, பண்டாரவளை எனத் திசையெங்கும் பரந்த தோட்டங்களில், இத்தனை இறாத்தல் என்றும் பின்னர் இத்தனை கிலோ என்றும் கொழுந்தின் நிறை ஏட்டில் ஏறியது. தொழிலாளி வேலைக்கு வந்த நாள் ‘பேர்’ எனச் செக்குறோலில் பதியப்பட்டது. ஆயின், அக்கொழுந்தைக் கிள்ளியவர் நோயுற்று, வைத்தியசாலை சென்று, சிகிச்சை பெற்று மீண்டபின், அவர்க்கு அதனால் விளைந்த நன்மை யாது என்பது எந்த ஏட்டில் ஏறியது?

இவ்வினாவை மிகப் பெரிய நோய்களைக் கொண்டு ஆராய்தல் எளிது. அங்கே உயிர் பிழைத்தலும் இறத்தலுமே விடையாகிவிடும். எனவே ஒரு சிறிய நோயை எடுத்துக்கொள்வோம். மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் கோணியிருத்தலும், அதனை நேராக்கும் சத்திரசிகிச்சையுமே இக்கட்டுரையின் பொருள். இதனால் ஒருவர் இறப்பதில்லை. ஆயினும் மூச்சு முட்டுகின்றது. இரவில் உறக்கம் கெடுகின்றது. மேட்டில் ஏறும்போது வாயைத் திறந்தே மூச்சு வாங்க வேண்டியிருக்கின்றது. இத்தகைய நோயில் சிகிச்சை வென்றதா தோற்றதா என்று கூறவேண்டியவர் யார்? வைத்தியரா, கருவியா, நோயாளியா? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

மூக்குச் சத்திரசிகிச்சையின் தாயகம் பாரத நாடு என்பது யாவரும் ஒப்பியதோர் உண்மை. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அவ்வளவினதாகக் கன்னத்துத் தசையைச் சீவி எடுத்து மூக்கில் பொருத்தும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. இம்மரபு நூலோடு நின்றுவிடவில்லை. மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792இல் திப்புவின் படையினரிடம் அகப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தார். பின்னர்ப் பூனாவுக்கு அண்மையில், செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவர்க்கு நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைத்தார். மெழுகை மெல்லிய தகடாக்கி மூக்கின் அடியில் பொருத்தி, அதனை விரித்து நெற்றியில் வைத்துக் கோடிட்டுக்கொண்டே அவர் தோலை அறுத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மகசீன்’ இதழில் வெளியாயிற்று. அதனைப் படித்துத் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814இல் இம்முறையைத் தாமே செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். பெயர் அறியப்படாத ஒரு கைவினைஞரின் அறிவு ஐரோப்பியச் சத்திர வைத்தியத்தின் ஒரு துறைக்கே வித்தாயிற்று.

இங்கே நாம் கருதவேண்டியது வேறொன்று. கவாஸ்ஜியின் உருவத்தை ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் சிகிச்சைக்குப் பத்துத் திங்கள் கழித்து வரைந்தார். அவ்வோவியமே சிகிச்சை வெற்றி பெற்றது என்பதற்குச் சான்றாக உலகுக்குக் காட்டப்பட்டது. உடனே பார்த்து மகிழ்ந்துவிடாமல், பல திங்கள் கழித்தும் மூக்கு நிலைத்து நின்றதைக் காட்டியமை பாராட்டற்பாலது. ஆனால் அச்சான்று வடிவத்துக்குரிய சான்று, மூச்சுக்குரியதன்று. இலையும் மெழுகும் மூக்கின் உருவத்தை அளந்தன. மூக்கின் தொழிலை அளக்கும் கோல் அன்று இல்லை.

உருவம் குன்றாத மூக்கிலும் உள்ளே வழி அடைபட்டிருத்தல் கூடும். நடுச்சுவரின் முற்பகுதி குருத்தெலும்பால் ஆயது. பிற்பகுதி மெல்லிய எலும்புகளால் ஆயது. பிறப்பின்போதோ, இளமையில் விழுந்து அடிபட்டோ அது ஒருபுறம் சாயலாம். சிறிதும் கோணாத நடுச்சுவர் உடையார் மிகச் சிலரே. கோணல் உடையோர் அனைவரும் துன்புறுவதுமில்லை. ஆகவே கோணலைக் காண்பது ஒன்று. அதனால் வரும் துன்பத்தை அறிவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே நெடுங்காலம் நிலவிய மயக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியர் சிலர் கோணிய சுவரை இடுக்கியால் ஒடித்து நேராக்க முயன்றனர். 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெயினின் மரப்பூட்டும் தன்மையைக் கண் சிகிச்சையில் பயன்படுத்திக் காட்டியபின், மூக்கினுள்ளும் நிதானமாக வேலை செய்தல் இயல்வதாயிற்று. சிக்காகோவில் பிரீயர் 1902இலும், ஜெர்மனியில் கில்லியன் 1904இலும், மேற்படிந்த மென்தோலைப் பேணி, அதன் கீழுள்ள கோணிய குருத்தெலும்பையும் எலும்பையும் மட்டும் அகற்றும் முறையை விளக்கினர். அம்முறை உலகெங்கும் பரவிற்று. ஆயினும் மிகுதியாக அகற்றிய இடங்களில் சுவரில் துளை விழுதலும், தாங்கலிழந்து மூக்கின் முதுகு தாழ்தலும் நேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கொட்டில் முதலியோர், வெட்டி எறிவதைக் குறைத்து, உள்ளதை நேராக்கி மீண்டும் அமைக்கும் முறையை வளர்த்தனர். இம்மாற்றம் எதனால் விளைந்தது? நோயாளி வைத்தியசாலையை விட்டு நீங்கிய நாளில் அன்று, ஆண்டுகள் கழித்து அவர் முகத்தைக் கண்டமையால் விளைந்தது. பின்விளைவைப் பார்த்தவரே முறையைத் திருத்தினர்.

இனி, மூச்சை அளக்கும் முயற்சிகளைக் காண்போம். ஒல்லாந்து நாட்டுச் சுவார்தெமேக்கர் 1889ஆம் ஆண்டளவில் குளிர்ந்த கண்ணாடியை மூக்கின் கீழ்ப் பிடித்தார். வெளிவரும் மூச்சின் ஈரம் கண்ணாடியில் இரு மூட்டங்களாகப் படியும். எப்பக்கத்து மூட்டம் சிறிதோ அப்பக்கம் அடைப்பு. எத்துணை எளிமையான கருவி! பின்னர் மூக்கினூடே செல்லும் காற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே அளக்கும் கருவிகள் வந்தன. 1989இல், ஒலியை உட்செலுத்தி அதன் எதிரொலியால் மூக்கின் உள்ளகலத்தைக் கணிக்கும் முறையும் வெளியாயிற்று.

ஆனால் கருவிகள் ஒரு சிக்கலை வெளிப்படுத்தின. கருவி காட்டிய எண்ணும் நோயாளி கூறிய துன்பமும் பலகாலும் ஒத்துவரவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. 1895இல் கைசர் என்பவர் எடுத்துக்காட்டியவாறு, உடல்நலம் உடையவர்க்கும் மூக்கின் ஒரு பக்கம் சில மணி நேரம் தடித்தும் மறு பக்கம் விரிந்தும் மாறி மாறி நிற்கின்றது. காலையில் அளந்த எண் மாலையில் அதுவாகவே இருப்பதில்லை. மேலும், காற்று தாராளமாகச் செல்கின்றது என்னும் உணர்ச்சி, உட்செல்லும் காற்று மென்தோலைக் குளிர்விப்பதையும் பொறுத்தது. எனவே வழி அகன்றிருந்தும் முட்டுவதாக உணர்வாரும், வழி குறுகியிருந்தும் குறை கூறாதாரும் உளர். துன்பம் மூக்கில் மட்டும் இல்லை; துன்பத்தை உணர்கின்ற மனிதனிடத்தும் இருக்கின்றது.

நோயாளியின் முடிந்த நிலையைத் தேடிச் சென்று அறியவேண்டும் என்னும் கொள்கைக்கு இருவரை நன்றியோடு நினைத்தல் தகும். ஒருவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். வைத்தியசாலைகள் யாவும் ஒரே மாதிரியான பதிவுகளை வைத்துக்கொள்ளவேண்டும் என்று 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வாதாடினார். மற்றொருவர் பொஸ்டன் நகரச் சத்திர வைத்தியர் ஏர்னெஸ்ட் கொட்மன். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஓராண்டேனும் தொடர்ந்து விசாரித்து, பயன் கிட்டாதாயின் அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிடுதல் வைத்தியசாலையின் கடமை என்றார் அவர். 1911இல் தாமே ஒரு சிறிய வைத்தியசாலையைத் தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு சென்ற 337 நோயாளரின் முடிவுகளை அச்சிட்டார். அவற்றுள் 123 தவறுகளைத் தாமே எண்ணிக் காட்டினார். 1915இல் ஒரு கூட்டத்தில், மணலில் தலை புதைத்த தீக்கோழியாக ஊராரைச் சித்திரித்த கேலிப்படத்தை அவர் காட்டியபோது பெரும் சீற்றம் எழுந்தது. உடன் தொழில் செய்தோர் அவரை விலக்கினர். ஆயினும் அவர் தொடுத்த வினாவை எவராலும் விலக்க முடியவில்லை.

அவ்வினாவுக்கு மூக்கு வைத்தியம் தந்த விடை 2004இல் வெளியானது. ஸ்டுவர்ட் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் ‘நோஸ்’ என்னும் வினாத்தாளை அமைத்தனர். அதில் ஐந்து வினாக்களே உள. கடந்த ஒரு மாதத்தில் மூக்கு நெரிசல் எவ்வளவு? அடைப்பு எவ்வளவு? மூக்கால் மூச்சுவிடுதலில் இடர் எவ்வளவு? உறக்கத்துக்கு இடையூறு எவ்வளவு? உடல் உழைக்கும்போது மூக்கால் போதிய காற்றுப் பெற முடியாமை எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை நோயாளியே எண் இடுவார். கூட்டுத்தொகையை 5ஆற் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் அளவு கிடைக்கும். ஒருவர் 3, 3, 3, 2, 2 என இட்டால் கூட்டுத்தொகை 13, அளவு 65. ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடத்தக்க கணக்கு இது. அவ்வாண்டில் 14 நிலையங்களில் 59 நோயாளரிடம் இவ்வளவுகோல் பயன்படுத்தப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முன் 67.5 ஆயிருந்த சராசரி மூன்று மாதங்களின் பின் 23.1 ஆயிற்று, ஆறு மாதங்களிலும் அந்நலம் குன்றவில்லை.

இதனோடு ஐயம் தீர்ந்ததா எனின், இல்லை. சிகிச்சை செய்யாமலே சிலர் தேறியிருக்கக் கூடுமன்றோ? ஆகவே ஒப்பிட்டு நோக்கும் ஆய்வுகள் வேண்டியிருந்தன. நெதர்லாந்தில் 18 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 203 பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சத்திரசிகிச்சையும் மறு பிரிவினர்க்கு அஃதல்லாத சிகிச்சையும் அளித்தனர். ஓராண்டின் பின், உடல்நல வாழ்வை 100க்கு மதிப்பிடும் அளவில் முன்னவர் 72.2உம் பின்னவர் 63.9உம் பெற்றனர். இது 2019இல் வெளியாயிற்று. பிரித்தானியாவில் 17 வைத்தியசாலைகளில் 378 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 2023இல் வந்தது. மூக்குத் துன்பங்களை 22 வினாக்களால் 110 வரை எண்ணும் அளவில், ஆறு மாதங்களின் பின் சத்திரசிகிச்சை பெற்றோர் 19.9ஆகவும் மூக்குத் தெளிமருந்து பெற்றோர் 39.5ஆகவும் நின்றனர்; இங்கே எண் குறைதலே நலம். தாம் பெற்ற சிகிச்சை இன்னதென்று நோயாளர் அறிந்தே இருந்தமையால், அவர்தம் நம்பிக்கையும் இவ்வெண்களில் ஓரளவு கலந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. ஆயினும், ‘மூக்கடைப்புத்தானே’ என்று பல காலம் இகழப்பட்ட துன்பத்துக்கு உரிய மதிப்பை இவ்வாய்வுகள் ஈட்டிக் கொடுத்தன.

இவ்வரலாற்றை நம் நாட்டின்பால் திருப்புவோம். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்பதை இலங்கைத் தமிழர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். சத்திர வைத்தியம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் அச்சாயிற்று. நோயாளியின் மொழியில் வைத்தியர் பேசவேண்டும் என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று.

தோட்டங்களின் கதை வேறு. கோப்பித் தோட்டத் தொழிலாளர்க்கு வைத்திய உதவி அளிப்பதற்கான சட்டம் 1872இலும், வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் 1912இலும் இயற்றப்பட்டன. தோட்டத்து மருந்தகங்களும் வட்டார வைத்தியசாலைகளும் இவற்றின் வழி வளர்ந்தன. 1916இல் ரொக்பெல்லர் தாபனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்து கொடுத்ததோடு அமையாது, மலத்தை உருப்பெருக்கியில் மீண்டும் சோதித்தமையால் ஓர் உண்மை வெளிப்பட்டது. புழு நீங்கியவர்க்கே மீண்டும் புழு பற்றிற்று. ஏனெனில் லயங்களில் மலகூடம் இல்லை. மருந்து வென்றது, வாழிடம் அவ்வெற்றியைத் தோற்கடித்தது. சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்திராவிடில், கொடுத்த மருந்தின் தொகையே வெற்றியின் தொகையாக எழுதப்பட்டிருக்கும்.

மூக்குச் சத்திரசிகிச்சைக்கும் இப்பாடம் பொருந்தும். ஒரே அறையில் விறகடுப்பு எரிய, அதன் புகை சூழ உறங்குவோர்க்கு மூக்கின் உட்தோல் தடித்தல் இயல்பு. நடுச்சுவரை நேராக்கிய பின்னும் அத்தடிப்பு நீங்காதாயின் மூச்சு முட்டும். அதனைக் கத்தியின் தோல்வி என்பதா, அடுப்பின் தோல்வி என்பதா? நோயாளியைத் தேடிச் சென்று கேட்டாலன்றி இது விளங்காது.

கேட்பதிலும் முறை உண்டு. முதலாவது, மொழி. அந்த ஐந்து வினாக்கள் பல நாட்டு மொழிகளில் பெயர்க்கப்பட்டுச் சோதிக்கப்பட்டுள்ளன. ஒருவர் மொழிபெயர்க்க, வேறொருவர் அதனை மூலமொழிக்கு மீளப் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிட்டு, பின்னர் நோயாளரிடம் வைத்துப் பார்ப்பதே அம்முறை. தமிழில் அதனைச் செய்வோர் தோட்டப் பேச்சை அறிந்திருத்தல் வேண்டும். ‘உடற்பயிற்சியின்போது’ என்று அச்சடித்துக் கேட்டால், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் மலையேறும் பெண், ‘நான் உடற்பயிற்சி செய்வதில்லை’ என்று கூறி, அவ்வினாவுக்குச் சுழியம் இடக்கூடும். உலகில் அவரினும் மிகுதியாக உழைப்பார் யார்? கேள்வி பிழைத்தால் எண் பிழைக்கும். எண் பிழைத்தால் அவர் துன்பமே இல்லையென்றாகிவிடும்.

இரண்டாவது, யாரிடம் கேட்பது என்பது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் வைத்தியசாலைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் முடிவு ஒருபுறம் சாயும். பதுளைக்கு ஒருமுறை வந்து போவது தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாட் பேரை இழப்பதாகும். பஸ் செலவு வேறு. நலமடைந்தவரும் வராதிருக்கலாம், நம்பிக்கை இழந்தவரும் வராதிருக்கலாம். இருவரும் ஏட்டில் ஒரே வெற்றிடமாகவே காட்சி தருவர். கொட்மன் தம் நோயாளரைத் தொடர்ந்து சென்றதன் காரணம் இதுவே. நம்மிடையே தோட்ட மருந்தகம் உண்டு, மருத்துவமாது உண்டு, பாடசாலை உண்டு, கையடக்கத் தொலைபேசியும் லயங்களை எட்டிவிட்டது. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஐந்து வினாக்களை வாய்மொழியாகக் கேட்டு எண்ணைப் பதிதல் இயலாத செயலன்று.

1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தது முதல், இம்மலையில் ஆய தேயிலைப் பெட்டி எந்தத் தோட்டத்தது, எத்தனை நிறை, எந்நாள் கொழும்பு சேர்ந்தது என்பதைக் கணக்கிற் காண முடிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அப்பெட்டியை நிரப்பியவரோ நாட்டின் கணக்கிலேயே இடமிழந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முற்றும் தீரவில்லை. இந்நெடிய வரலாற்றின் நிழலில் நோக்கும்போது, ‘சிகிச்சைக்குப் பின் உமக்கு எப்படி இருக்கின்றது?’ என்று ஒரு தொழிலாளியைக் கேட்டு, அவர் விடையை எண்ணாக எழுதி வைப்பது வைத்தியப் புள்ளிவிவரம் மட்டும் அன்று. அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அது சான்று.

வள்ளுவப் பெருந்தகை மருந்தின் கூறுகளை நான்காக வகுத்தபோது நோயுற்றவனையே முதலில் வைத்தார். வைத்தியனையும் மருந்தையும் பணிவிடை செய்வோனையும் அவன் பின்னரே நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முடிவில் மேனாட்டார் ஆய்ந்து கண்ட வரிசையும் இதுவே. வைத்தியத் துறை புகும் நம் கல்லூரி மாணவர் இவ்வரிசையை நினைவிற் கொள்க. அவர்களுள் ஒருவரேனும் நாளை பதுளையிலோ, தியத்தலாவையிலோ, அப்புத்தளையிலோ பணிபுரிய வரும்போது, அந்த ஐந்து வினாக்களையும் மலைநாட்டுத் தமிழில் கேட்டு, ஓராண்டின் பின் அவற்றையே மறுபடியும் கேட்பாராயின், கொழுந்தை மட்டும் நிறுத்த இம்மண்ணில் மூச்சும் ஒருநாள் நிறுக்கப்படும்.